சுவர் வளைவில் நின்ற வண்டி

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நான் நலம். நம் மகளும் நலம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் 'இருக்கேன்' என்பீர்கள். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் இவள் பேச்சை எடுத்தாலே 'சரி, வேற என்ன' என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிச் சட்டென்று வைக்க முடியாது. மடித்துப் பையில் போட்டாலும் மறுபடி எடுத்துப் பார்க்கத் தோன்றும். எதிர் வீட்டு மருமகன் விடுமுறை முடிந்து அடுத்த வாரம் நீங்கள் வேலை பார்க்கிற ஊருக்குத் திரும்புகிறார். இதையும் ஒரு பொட்டலம் தேயிலையையும் அவர் கையில் கொடுத்தனுப்புவேன். தேயிலையை நீங்கள் வைத்துக் குடியுங்கள். அறையில் இருக்கிற அத்தனை பேருக்கும் தாராளம் காட்டாதீர்கள்.

ஆமாம், மலைக்கு வந்திருக்கிறேன். ஜெராக்ஸ் கடைக்கு ஒரு வாரம் பூட்டு. 'மகளைப் பார்க்கப் போயிருக்கிறேன்' என்று கதவில் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். 'வெளியூர்' என்று மட்டும் எழுதியிருந்தால் போதும். ஆனால் மகள் பஸ் ஓட்டுகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து தெருவில் நான்கு பேர் நான்கு விதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். படிக்கிறவர்கள் படிக்கட்டும் என்று பெரிய எழுத்தில் எழுதினேன். வந்த நாள் முதல் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. மனுவை எங்கே காப்பி எடுப்பது, அடையாள அட்டையை எங்கே காப்பி எடுப்பது என்று. ஊரில் வேறு கடையே இல்லாத மாதிரி.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் லோடு ஏற்றிக்கொண்டு எத்தனையோ மலை ஏறி இறங்கியவர். எனக்கு இதுதான் முதல் மலை. பஸ் ஏற ஏறக் காது அடைத்துக்கொண்டது. பக்கத்து சீட்டுக்காரர் எச்சிலை விழுங்கச் சொன்னார். விழுங்கினேன், திறந்துகொண்டது. திறந்த பிறகும் கேட்பதற்கு ஒன்றும் இல்லை, அவ்வளவு அமைதி. காலையில் தொழிற்சாலைச் சங்கு, சாயங்காலம் மறுபடி சங்கு, நடுவில் மழை. கடைத்தெரு ஒரு வளைவில் ஆரம்பித்து அடுத்த வளைவில் முடிந்துவிடுகிறது. அதைத் தாண்டினால் தேயிலைதான். யாரோ மலையை உட்கார வைத்து, முடி வெட்டி, வகிடெடுத்துச் சீவிவிட்ட மாதிரி இருக்கிறது. வகிட்டுக்குள் பெண்கள் கூடையோடு நின்றுகொண்டிருப்பது, அவர்கள் அசைந்தால்தான் தெரிகிறது.

தேயிலை ஊரில் நல்ல டீ கிடைக்கும் என்று நம்பி வந்தேன். நல்லதெல்லாம் பெட்டியில் ஏறிப் போய்விடுகிறதாம். கடைத்தெருவில் கொடுத்த டீ நம் தெருமுனை டீயைவிட மோசம். அதையே இரண்டு கிளாஸ் வாங்கிக் குடித்தேன். குளிர் அப்படி.

டீ குடித்துவிட்டுப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தபோது அவள் வண்டி மேலேயிருந்து இறங்கி வந்தது. கண்ணில் படுவதற்கு முன்னால் காதில் விழுந்தது. கியரை ஒவ்வொன்றாக இறக்கி, இன்ஜினைக் கைக்குள் பிடித்துக்கொண்டு வருகிற சத்தம். முன்பெல்லாம் நம் தெருவுக்குள் நீங்கள் லாரியைத் திருப்பும்போது வருமே, அதே சத்தம். யார் வருகிறது என்று ஒரு நொடி எனக்குக் குழம்பிப் போனது.

காக்கிச் சட்டை, கம்பளிக் குல்லா. ஸ்டீயரிங்குக்கு மேலே பாதி முகம்தான் தெரிந்தது. உயரத்தில் என்னைப் போல ஆகிவிட்டாள், என்ன செய்வது. சீட்டில் இரண்டு திண்டு போட்டு உட்காருகிறாள். வண்டியை ஓரம் கட்டினாள், இறங்கினாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஆனால் உடனே வரவில்லை. வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயராகக் காலால் தட்டிப் பார்த்த பிறகுதான் வந்து கட்டிக்கொண்டாள். கோபம் வரவில்லை எனக்கு. இந்தப் பழக்கம் யாருடையது என்று தெரியும்.

தங்கியிருப்பது ஒரு ரொட்டிக் கடைக்கு மேலே. ஒரே அறை. அடுப்பின் புகைபோக்கி அறைச் சுவருக்குள்ளேயே போகிறது. அந்தச் சுவரில் கயிறு கட்டிச் சட்டை, சாக்ஸ், குல்லா எல்லாவற்றையும் காயப் போட்டிருக்கிறாள். எல்லாத் துணியிலும் ரொட்டி வாசனை. வாடகைக்கு அறை பார்த்தபோது ஜன்னலைப் பார்க்கவில்லையாம், இந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னாளாம். கெட்டிக்காரி.

ஊரில் இவளுக்குப் பெயர் 'டிரைவர் பாப்பா'. மருந்துக் கடைக்காரர், பள்ளிக்கூட வாத்தியார், கீரை விற்கிற அம்மா, எல்லாருக்கும் அதே பெயர்தான். கூட வேலை பார்க்கிற கண்டக்டருக்கு 'விசில்' என்று பெயர். ஊதலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாயாலேயே விசிலடிக்கிறார். ஒட்டடைக்குச்சி மாதிரி உயரம், நல்ல மனுஷன். இவளைத் 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுகிறார்.

நாளை மத்தியானம் அவள் வண்டியில் மேல் எஸ்டேட் வரை போய் வரலாம் என்றிருக்கிறேன். இப்போதே எனக்குச் சட்டம் போட்டுவிட்டாள். "வண்டியில ஏறுனா நீங்க பாசஞ்சர்ம்மா. என் அம்மான்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது. டிக்கெட் வாங்கிட்டுப் பின்னாடி உட்காருங்க" என்கிறாள். ஏன் என்று கேட்டேன். அம்மா என்று தெரிந்தால் ஆளாளுக்கு வந்து என்னிடம் அவளைப் பற்றிக் குறை சொல்வார்களாம், அவளுக்குக் கவனம் சிதறுமாம். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை, அதனால் பயப்படுகிறாள் போலிருக்கிறது. சரி, டிக்கெட் வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

விளக்கை அணைக்கச் சொல்கிறாள். மீதி நாளைக்கு.

*

நாளைக்கு என்று எழுதினேன். எழுத முடியவில்லை. பேனாவைத் தொட இன்றைக்குத்தான் மனம் அமைந்தது. பயப்படாதீர்கள், எல்லாரும் முழுசாக இருக்கிறோம். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

மத்தியான வண்டியில் ஏறினேன். சொன்னபடி டிக்கெட் வாங்கிப் பின்னால் உட்கார்ந்தேன். விசில் சிரிப்பை அடக்கிக்கொண்டு சில்லறை கொடுத்தார். மேல் எஸ்டேட்டில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். அந்த இடைவெளியில் என்னைத் தொழிற்சாலைக்குள் கூட்டிப் போனாள். பறித்த கொழுந்தை நீள நீளமான தொட்டிகளில் பரப்பிக் கீழேயிருந்து காற்று விடுகிறார்கள். இலை அங்கேயே கிடந்து வாடுகிறது. அந்த வாசனையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மழையில் நனைந்த புல்லும் பழுத்த பழமும் ஒரே அறையில் இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. அங்கே ஒருவர் ஒரு பிடி தேயிலையைத் தாளில் மடித்து, "டிரைவர் பாப்பாவோட விருந்தாளி" என்று என்னிடம் கொடுத்தார். உங்களுக்கு அனுப்புவதாக முன்னால் எழுதினேனே, அந்தப் பொட்டலத்துக்கு இதுவே ஆயிற்று.

வெளியே வந்தபோது மழை பிடித்திருந்தது. திரும்புகிற வண்டி நிறைந்துவிட்டது. கொழுந்து பறித்துவிட்டு இறங்குகிற பெண்கள்தான் அதிகம். எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மா, என் வயதுதான் இருக்கும், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். எல்லாரும் 'பூட்ஸ் அக்கா' என்றார்கள். மடியில் ஒரு பிளாஸ்க்கும் துணி மூட்டையும். அவள் மகளைப் பிரசவத்துக்காகக் காலையில் டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். தலைப்பிரசவம். மாப்பிள்ளை வெளியூரில். வேலையை முடித்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தாள். "வலி எடுத்துடுச்சாம், அம்மா வந்துடுவாங்களான்னு கேட்டுட்டே இருக்காளாம்" என்று என்னிடம் இரண்டு தடவை சொன்னாள்.

பாதி வழியில் சுவர் வளைவு என்று ஓர் இடம் உண்டு. ஒரு பக்கம் மலை சரியாமல் தாங்கி நிற்கிற கல்சுவர், மறு பக்கம் பள்ளம். அதற்குச் சற்று முன்னால் கொழுந்து எடை போடுகிற தகரக் கொட்டகை. வண்டி அந்தக் கொட்டகைக்கு எதிரில் நின்றது. யாரோ ஏறப் போகிறார்கள் என்று நினைத்தேன். யாரும் ஏறவில்லை. அவள் இன்ஜினை அணைத்தாள், மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கிச் சுவர் வரைக்கும் நடந்து போனாள். குனிந்து பார்த்தாள், கையை வைத்துப் பார்த்தாள். திரும்பி வந்து படியில் நின்றபடி, வண்டி இதற்கு மேல் போகாது என்றாள்.

காரணத்தையும் சொன்னாள். அந்தச் சுவரில் மலைத் தண்ணீர் வடிவதற்கு வரிசையாக ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள். சின்னத் தூறலுக்கே அதில் தண்ணீர் கொட்டுமாம். அன்றைக்கு அவ்வளவு மழையிலும் ஒரு ஓட்டையில்கூடச் சொட்டு இல்லை. "தண்ணி எங்கயோ உள்ளதான் நிக்குது. எங்கன்னு எனக்குத் தெரியலை. தெரியாம இத்தனை பேரை வச்சுக்கிட்டு அதைத் தாண்ட மாட்டேன்" என்றாள்.

 வண்டிக்குள் எல்லாரும் ஒன்றாகப் பேசினார்கள். தினமும் போகிற ரோடுதானே என்றார் ஒருவர். காலையில் இதே வழியாகத்தானே வந்தோம் என்றாள் ஒருத்தி. மழைக்குப் பயந்தால் இந்த வேலைக்கு ஏன் வர வேண்டும் என்று பின்னாலிருந்து ஒரு குரல். விசில் கொட்டகைத் திண்டில் ஏறி நின்று எப்படியோ சிக்னல் பிடித்து டிப்போ மேலாளரைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் மேலாளர் பேசியது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. ரோட்டை மூடச் சொல்லி யாரும் சொல்லவில்லை, வண்டியை எடு என்றார். எடுக்க மாட்டேன் ஐயா என்றாள் இவள். அப்படியானால் நாளைக்கு என் முன்னால் வந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். சொல்கிறேன் ஐயா என்றாள். குரலை உயர்த்தவில்லை. சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டாள்.

உண்மையைச் சொன்னால் எனக்கே ஒரு பக்கம் எரிச்சல். கொஞ்சம் மெதுவாகப் போனால் என்ன, இத்தனை பேர் வாயில் விழ வேண்டுமா என்று இருந்தது.

பூட்ஸ் அக்கா எழுந்து முன்னால் போனாள். முதலில் கெஞ்சினாள். "பாப்பா, என் பொண்ணு அங்க ஒத்தையில கிடக்கு. உனக்குப் புண்ணியமாப் போகும், எடும்மா." இவள் பூட்ஸ் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தோட்டத்துக்குள்ளே ஒரு குறுக்குப் பாதை இருக்கிறது, சுவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் இறங்கும், விசிலைத் துணைக்கு அனுப்புகிறேன், அங்கிருந்து ஏதாவது வண்டி கிடைக்கும் என்றாள். அந்த வழியாகப் போனால் பொழுது சாய்ந்துவிடும் என்று பூட்ஸ் அக்கா கையை உதறினாள்.

அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து ஒரு எஸ்டேட் ஜீப் இறங்கி வந்தது. இவள் நடு ரோட்டில் ஓடி நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். ஜீப்காரர் வேகத்தைக் குறைத்தார். இவள் சொன்னதைக் கேட்டார். சிரித்தார். ஓரமாக ஒடித்துக்கொண்டு போய்விட்டார். வண்டியில் இருந்த எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து பார்த்தோம். ஜீப் சுவரை ஒட்டிப் போனது, வளைவில் மறைந்தது, கொஞ்ச நேரத்தில் கீழ் ரோட்டில் பத்திரமாகத் தெரிந்தது.

அப்புறம் கேட்க வேண்டுமா. பார்த்தாயா பார்த்தாயா என்று ஒரே கூச்சல். பூட்ஸ் அக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்துவிட்டது. "இவளைப் பெத்தவ யாரோ தெரியலை. நல்லா வளர்த்திருக்கா, மனசே இல்லாம" என்றாள்.

நான் எழுந்து நின்றேன். நிற்க வேண்டும் என்று நினைத்து எழுந்திருக்கவில்லை, முழங்கால் தானாக நிமிர்ந்துவிட்டது. "நான்தாம்மா பெத்தேன்" என்றேன்.

 நம் மகள் என்னைப் பார்த்தாள், சட்டத்தை மீறிவிட்டீர்களே என்கிற பார்வை. பூட்ஸ் அக்கா என் பக்கம் திரும்பி, "அப்ப நீயாச்சும் சொல்லு உன் பொண்ணுகிட்ட" என்றாள். நியாயமான பேச்சு. ஒரு தாய் இன்னொரு தாயிடம் கேட்கிறாள்.  ஆனால் என் வாயில் வந்தது இதுதான்: "வண்டி அவ கையில இருக்கு. போகலாமா கூடாதான்னு அவதான் சொல்லணும். நான் அவ சொன்னா நடக்கறேன், உட்காரச் சொன்னா உட்கார்றேன்."

 பூட்ஸ் அக்கா மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். விசில் குடையை விரித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். இரண்டு பேரும் தேயிலைக்குள் மறைகிற வரைக்கும் இவள் படியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அவள் கையைக் கவனித்தேன். பொத்தான் போட்ட சட்டைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தது.

மற்றவர்கள் வண்டியிலும் கொட்டகையிலுமாக உட்கார்ந்தார்கள். யாரும் அவளோடு பேசவில்லை. நான் முன்னால் போய் இன்ஜின் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டேன், சூடாக இருந்தது. அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.  இத்தனை திட்டும் வாங்கிக்கொண்டு எப்படியம்மா உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டேன்.

அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அன்னைக்கு அப்பாவை யாரும் திட்டலைம்மா. தட்டிக்கொடுத்து, நீ போயிட்டு வந்துடுவன்னு சொல்லித்தான் அனுப்பினாங்க. திட்டு வாங்கிட்டு நிக்கறது எவ்வளவோ மேல்."

இந்தப் பேச்சை நாம் வீட்டில் எடுப்பதே இல்லை. அந்த மழை நாளில் லாரி முதலாளி போகச் சொன்னதும், நீங்கள் போனதும், ரோடு உள்வாங்கியதும், கிளீனர் தம்பி திரும்பாததும், அதற்குப் பிறகு நீங்கள் ஸ்டீயரிங்கைத் தொடாததும் நம் இரண்டு பேருக்குள்ளேயே இருக்கிறது, சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்றுதான் இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு எல்லாம் தெரியும். கதவுக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு நீங்கள் தூக்கத்தில் அந்தத் தம்பியைக் கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறாள். ஹெவி லைசென்ஸ் எடுத்தேன் என்று அவள் சொன்ன அன்றைக்கு நீங்கள் 'இனி இவ பேச்சை என்கிட்ட எடுக்காதே' என்றீர்களே. அது கோபமில்லை, பயம் என்றும் அவளுக்குத் தெரியும். உங்களைப் பற்றி ஒரு சொல் குறையாகச் சொன்னதில்லை இந்தப் பெண்.

இருட்டுவதற்கு முன்னால் மழை கொஞ்சம் விட்டது. விசில் நனைந்த கோழி மாதிரி திரும்பி வந்தார். டவுனுக்குப் போகிற கோழி வேன் ஒன்றில் பூட்ஸ் அக்காவை ஏற்றி அனுப்பிவிட்டாராம். டிப்போவிலிருந்து வேறு வண்டி அந்தப் பக்கம் வந்து நிற்கிறது என்றும் சொன்னார். எல்லாரும் தோட்டப் பாதையில் வரிசையாக நடந்தோம். வயசானவர்களை ஒவ்வொருவராகக் கைபிடித்து இறக்கிவிட்டாள். திட்டியவர்களையும்தான். என் முழங்கால் என்ன பாடுபட்டது என்று தனிக் கடிதம்தான் எழுத வேண்டும்.

இனிமேல்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். சுவர் விழவில்லை. அன்றைக்கும் விழவில்லை, மறுநாளும் விழவில்லை. காலையில் ரோடு இன்ஜினியர் வந்து பார்த்தார். ஓட்டைகளில் சேறும் தழையும் அடைத்திருந்ததாம். ஆளை வைத்துக் குத்திவிடச் சொன்னார், பழுப்புத் தண்ணீர் பீறிட்டு வந்ததாம், கொஞ்ச நேரத்தில் தெளிந்ததாம். சுவர் உறுதியாகத்தான் இருக்கிறது, நேற்றே போயிருக்கலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்றுதான் ஊரே பேசியது. ஆகியிருக்காதோ என்னவோ. யாருக்குத் தெரியும்.

மேலாளர் முன்னால் அவள் போய் நின்றாள். நானும் கூடப் போய் வெளி பெஞ்சில் உட்கார்ந்தேன். நடுவில் பலகைச் சுவர்தான், எல்லாம் கேட்டது. மேலாளர் மோசமான ஆள் இல்லை. அவர் கஷ்டம் அவருக்கு. ஒவ்வொரு டிரைவரும் தனக்குத் தோன்றின இடத்தில் வண்டியை நிறுத்தினால் ஊர் எப்படி நடக்கும் என்று கேட்டார். சரிதான் ஐயா என்றாள். ஒரு பொம்பளையை மழையில் நடக்க விட்டிருக்கிறாய், அவள் பெண்ணுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்றார்.  அதை நினைத்து ராத்திரி தூங்கவில்லை ஐயா என்றாள். சரி, தப்பு என்று ஒத்துக்கொள்கிறாயா என்றார்.

"சுவர் நின்னுடுச்சுங்கய்யா, எனக்குச் சந்தோஷம்தான். நான் நினைச்சது தப்பாவே இருக்கலாம். நிறுத்தினது தப்புன்னு என்னால சொல்ல முடியலை" என்றாள்.

நாளைக்கு அதே மாதிரி இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். நிறுத்துவேன் ஐயா என்றாள். நான் பெஞ்சின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வேலை போனால் போகட்டும், பிள்ளை குரல் உடையாமல் வெளியே வந்துவிட வேண்டும் என்று இருந்தது. உடையவில்லை.

அவர் காகிதத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. கடைசியில் எச்சரிக்கை என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். நிரந்தரம் ஆவது ஆறு மாதம் தள்ளிப் போகும் என்றார். அதே வழித்தடம்தான், அதில் மாற்றமில்லை என்றார். வெளியே வந்தபோது என்னைப் பார்த்து, "கோவிச்சுக்காதீங்கம்மா, சட்டப்படி நான் எழுதித்தான் ஆகணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் சம்சாரமும் பிள்ளைங்களும் அந்த வண்டியிலதான் ஸ்கூலுக்குப் போறாங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் அவரைக் கேட்கவில்லை. நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

நீங்கள் அந்தப் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். நான் என்ன எழுதினாலும் அந்தக் குரலை இதில் கொண்டுவர முடியவில்லை. பெருமையாக இருந்தது என்று எழுதினால் போதவில்லை. நாம் பெற்றது இது, நம் வீட்டில் வளர்ந்தது இது என்று யாரையாவது நிறுத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. டீ கொண்டுவந்தவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் புரியாமல் இன்னொரு கிளாஸ் வைத்துவிட்டுப் போனார்.

பூட்ஸ் அக்காவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு மனசு ஆறாது. அவள் போய்ச் சேருவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை, தாயும் சேயும் சுகம். ஆனால் அவள் மகள் வலியில் கூப்பிட்டபோது பக்கத்தில் அம்மா இல்லை. அதை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது. நேற்றுக் காலையில் அவள் வேலைக்குத் திரும்பினாள். கடைத்தெருவில் வண்டி புறப்படப் போகிற நேரம், நானும் உள்ளே உட்கார்ந்திருந்தேன். அவள் வருவதைப் பார்த்ததும் நம் பெண் சீட்டிலிருந்து எழுந்துவிட்டாள். பூட்ஸ் அக்கா படியேறி நின்று, "கோவம் போகலை பாப்பா. போகாது" என்றாள். சரிங்கக்கா என்றாள் இவள். அவள் ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, "மேல போற வேற வண்டியும் நிக்குது. நான் இதுலதான் வருவேன்" என்றாள். பிறகு என் பக்கம் நகர்ந்து குழந்தையின் போட்டோவைக் காட்டினாள். மூக்கு அப்படியே அவளுடையது. இரண்டு பேரும் மேல் எஸ்டேட் வரைக்கும் பேசிக்கொண்டே போனோம். சுவர் வளைவு வந்தது. எல்லா ஓட்டையிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. வண்டி நிற்காமல் போனது.

இப்போதெல்லாம் நான் முன் சீட்டில்தான் உட்காருகிறேன். டிக்கெட் மட்டும் இன்னமும் வாங்க வேண்டியிருக்கிறது. 'டிரைவர் பாப்பா அம்மா' என்று என்னையும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவள் சொன்னது சரிதான், ஆளாளுக்கு வந்து குறை சொல்கிறார்கள். ஒரு கிழவர் மட்டும், ஹாரன் அதிகம் அடிக்கிறாள் என்று சொல்லிவிட்டு, அடிக்கட்டும் அடிக்கட்டும் என்று அவரே சொல்லிக்கொண்டு போனார்.

நாளை மறுநாள் கிளம்புகிறேன். கடையைத் திறக்க வேண்டும். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள். இடுப்பு வலிக்கு மருந்து தடவுவதை விட்டுவிடாதீர்கள். தூக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டேன், எனக்குத் தெரியும்.

கடைசியாக ஒன்று. நேற்றுச் சாயங்காலம் அவள் ஒரு விஷயம் கேட்டாள். பனி மூடின நேரத்தில், ஆள் நிறைந்த வண்டியோடு கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது, எதிரில் லாரி வந்து நடு ஏற்றத்தில் நிற்க வேண்டியதாகிவிடுகிறதாம். மறுபடி எடுக்கும்போது வண்டி பின்னால் போகாமல் எடுத்துவிடுகிறாள், ஆனால் கிளட்ச் கருகுகிற வாசனை வருகிறதாம். "அப்பா அத்தனை லோடோட எடுப்பாரும்மா, நான் பக்கத்துல உட்கார்ந்திருப்பேன், வாசனையே வராது. எப்படி எடுத்தாருன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றாள். டிப்போவில் பெரிய டிரைவர்கள் இருக்கிறார்களே, அவர்களைக் கேட்கக் கூடாதா என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

எனக்குத் தெரிந்தது மிஷினில் பேப்பர் சிக்கினால் எடுப்பது. கிளட்சைப் பற்றி நான் கேட்டு, நான் எழுதி, நான் போய்ச் சொல்வதற்குள் ஏதாவது ஒன்றை மாற்றிச் சொல்லிவிடுவேன். மலை ரோட்டு விஷயம், தப்பாகப் போய்விடக் கூடாது. அதனால் நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் நம்பர் மாறவில்லை. சாயங்காலச் சங்கு ஊதிய பிறகு வண்டியை விட்டுவிட்டு அறைக்கு வந்துவிடுவாள். வேறு எதுவும் பேச வேண்டாம். கிளட்சை மட்டும் சொல்லுங்கள், போதும். அவள் கேட்டுக்கொள்வாள்.

உங்கள் கையும் காலும் மனசும் சுகமாக இருக்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமாகச் சேர்த்து வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

அவள் போன் அடிப்பதைக் கேட்டுவிட்டுத்தான் ஊருக்குப் பஸ் ஏற வேண்டும் என்றிருக்கும்,
உங்கள் மனைவி.

பின்குறிப்பு: கடிதம் கைக்கு வருவதற்குள் நான் ஊர் திரும்பிவிடுவேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது. பரவாயில்லை. நீங்கள் பேசினால் அவளே எனக்குச் சொல்லிவிடுவாள். அவளால் அடக்கி வைத்திருக்க முடியாது.